தார்ப்பாய் போட்ட மருந்து

தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிக்காரர்களில் பாதிப் பேருக்கு மதலேனம்மாளின் ஆம்லெட் தெரியும். அவளுக்குத்தான் அதன் ருசி தெரியாது.

ஒரே கையால் இரண்டு முட்டையை உடைப்பாள். ஓட்டுத்துண்டு ஒன்றுகூட விழாது. வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு அடித்து, கல்லில் வட்டமாகப் பரப்பிவிட்டு, உப்பு பார்க்க வேண்டுமென்றால் மட்டும் குரல் கொடுப்பாள். "ஏங்க, கொஞ்சம் வாயில போட்டுப் பாருங்க." அவள் புருஷன் சவரி கல்லாவை விட்டு எழுந்திருக்கிற ஆள் இல்லை. "அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்று அங்கிருந்தே சொல்லிவிடுவான். சரியாகத்தான் இருக்கும்.

முட்டை அவளுக்கு நேர்த்திக்கடன். கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அம்மா அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டது: இந்தப் பிள்ளை ஆயுசுக்கும் முட்டையை வாயில் வைக்காது. எதற்காக நேர்ந்தாள் என்று மதலேனம்மாள் கேட்டதில்லை. கேட்கத் தோன்றுகிற வயசு வருவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். பாப்பாரப்பட்டிப் பக்கம் அவர்கள் ஊரில் அந்தோணியாரைக் கும்பிடுகிற வேதக்காரர் வீட்டுக்கு வீடு இப்படி ஒன்று இருந்தது. ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். இன்னொரு வீட்டில் வளர்த்த சேவலை விற்க மாட்டார்கள். "அது நேர்ந்தது" என்று சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

வாயில் வைக்கக் கூடாது என்றுதான் நேர்த்தி, கையால் தொடலாம். தொட்ட நாட்களில் விரலிடுக்கு சிவந்து அரிக்கும். பச்சைமிளகாய்க் காரம் என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு அடுத்த முட்டையை எடுப்பாள்.

அடுப்பின் முன்னால் நிற்பதில் அவளுக்கு ஒரு சுகம் உண்டு. குழம்பு கொதித்து அடங்கும்போது மேலே எண்ணெய் கண் கண்ணாக மிதக்கும். அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். சிறிய கண் பெரிய கண்ணை உரசும், சேராமல் விலகும், சுற்றி வந்து மறுபடி உரசும். ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் ஓட்டல் கூரை தெரியும், கூரை ஓட்டை வழியாக வானம் தெரியும். அதற்குள் யாரோ குடியிருப்பதுபோல் இருக்கும். வெளியே லாரி ஆரன் அடித்தாலும் காதில் விழாது.

"எங்கடி போயிட்ட? அடி புடிக்குது!" என்பான் சவரி.

"இங்கதான் இருக்கறன்" என்று கரண்டியைப் போடுவாள். அவள் இங்கே இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

கெட்டது வலது கால். ஓட்டலுக்குப் பின்னால் விறகு பொறுக்கும்போது ஒரு கருவேல முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். முள் தைத்ததே மறந்துபோன காலத்தில் அந்த இடத்தில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் இரண்டு மூன்று வருஷம் அதோடு நின்றாள். பாதம் தடித்து, அங்கங்கே ஓட்டை விழுந்து, நீரோடு கசகசா அளவில் கருப்பு மணிகள் வர ஆரம்பித்தபோது பழந்துணி சுற்றி, மேலே சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். சோறு போடுகிற பொம்பளையின் காலில் புண் என்று தெரிந்தால் எந்த டிரைவர் வண்டியை நிறுத்துவான்?

ஒரு நாள் துணி நனைந்து ஈரத் தடம் தரையில் பதிந்தது. சவரி அதைப் பார்த்துவிட்டு சாக்கை எடுத்துத் துடைத்தான். அன்றைக்கே அடுப்பை அணைத்துவிட்டு, தர்மபுரியை ஒட்டியிருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவளை பஸ்ஸில் கூட்டிப்போனான்.

பூஞ்சணம் என்றார்கள். மண்ணில் இருப்பது, முள்ளோடு உள்ளே போய் எலும்புவரை வேர் விட்டிருக்கிறது. அதற்கென்று ஒரு மருந்து இருந்தது. கருப்புத் தாள் சுற்றிய பாட்டிலில் மஞ்சளாக இறங்கியது. இறங்கிய ஒவ்வொரு நாளும் கட்டில் ஆடுகிற அளவுக்குக் குளிர் நடுக்கம். பூஞ்சணம் அசையவில்லை, அவளுடைய கிட்னிதான் அசைந்தது. ஒன்றுக்குப் போவது குறைந்து முகம் வீங்கியதும் மருந்தை நிறுத்தினார்கள். இனி முழங்காலுக்குக் கீழே எடுப்பதுதான் வழி என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஈஸ்டர் முடிந்ததும் எடுத்துவிடலாம், அதுவரை வார்டிலேயே இருக்கட்டும் என்றார்.

அந்தத் தவக்காலம் முழுக்க அவள் கட்டிலில் உட்கார்ந்து அடுப்பை நினைத்துக்கொண்டிருந்தாள். கால் போவது ஒரு பக்கம். ஒற்றைக் காலில் யார் அந்த அனலுக்கு முன் பகல் முழுக்க நிற்க முடியும்? நிற்காவிட்டால் அவள் யார்?

அப்போதுதான் டாக்டர் முனிராஜ் வந்தார். ஓசூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிற ஒரு சிநேகிதரோடு சேர்ந்து புது மருந்து ஒன்றைப் பரீட்சை பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். எண்பத்தேழாம் வருஷம் அது. பெரிய டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார், அரை மனசோடு.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். சவரி நின்றுகொண்டிருந்தான்.

"மருந்து பழைய மருந்துதாம்மா. உங்களுக்கு நடுக்கம் வந்துச்சே, அதே. ஆனா இப்ப தனியா போவாது. கொழுப்புல சின்னச் சின்னக் குமிழி செஞ்சு அதுக்குள்ள அடைச்சு வெச்சிருக்கோம்."

"எவ்ளோ சின்னதுங்க?"

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். காட்டுவதற்கு அந்த வார்டில் எதுவும் கிடைக்கவில்லை. "உங்க காலுல கருப்பா மணி வருதில்ல, அதுல ஒண்ணுக்குள்ள கோடிக்கணக்குல அடங்கும். கண்ணால பாக்கவே முடியாது. ரத்தத்துல அது பாட்டுக்கு மெதந்து போவும். கிட்னியில மருந்து படாது. பூஞ்சணம் இருக்கிற எடத்துல போயி உடையும். அப்படின்னு நெனைக்கிறோம்."

மதலேனம்மாள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். குழம்பின் மேலே கண்கள் மிதந்தன. பிறகு கணவாய் தெரிந்தது.

"தார்ப்பாய் போட்ட லோடுங்களா? வழியில சிந்தாம போயி, எறக்கற எடத்துல அவுக்கறது."

டாக்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார். "அதேதாம்மா. இத நான் பெங்களூர்ல சொல்லணும்."

"அங்க கணவா இருக்குதுங்களா?" என்றான் சவரி. அவன் சிரிக்கவில்லை. "எங்க எறக்கத்துல தெனம் ஒரு வண்டி கவுருதுங்க டாக்டர். தார்ப்பாய் போட்டதும் கவுருது. இது உள்ள கவுந்தா என்ன பண்றது?"

டாக்டரின் சிரிப்பு நின்றது. மழுப்புவார் என்று சவரி நினைத்தான். அவர் மழுப்பவில்லை. "கவுரலாம். கொஞ்சம் குமிழி ஈரல்ல போயி தங்கிடும். அது பத்து வருஷம் கழிச்சு என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது. காலு சரியாவும்னும் சத்தியம் பண்ண மாட்டேன். இந்த வார்டுல தீர்த்தன்னு ஒருத்தருக்குப் போட்டோம். அவருக்கு ஒண்ணும் ஆவல. காலும் கேக்கல. எடுத்துட்டோம்."

தீர்த்தன் சித்தேரி மலைக்காரர், சாமை விதைக்கிறவர். மூன்று கட்டில் தள்ளிப் படுத்திருந்தவர் தன் பெயர் காதில் விழுந்ததும் தலையைத் தூக்கினார். "எனக்குக் கெட்டதும் பண்ணல தாயி, நல்லதும் பண்ணல. பச்சத்தண்ணி மாதிரி போச்சு" என்றார். மறுபடி படுத்துக்கொண்டார்.

மதலேனம்மாளுக்கு வேறு சந்தேகம். "அந்தத் தார்ப்பாய் எதுல செஞ்சதுங்க?"

"முட்டை மஞ்சக்கரு இருக்கில்ல, அதுல இருந்து எடுத்த கொழுப்பு."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு முட்டை ஆவாதுங்க. அந்தோணியாருக்கு நேர்ந்தது."

டாக்டர் முனிராஜ் நல்ல மனிதர். அடுத்தவர் சாமி விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர். அவர் வீட்டிலும் அம்மாவுக்குச் சனிக்கிழமை விரதம் உண்டு. அதில் யாரும் கேள்வி கேட்டதில்லை. அதனால் அவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல், மரியாதையான வேறொன்றைக் கேட்டார். "உங்க ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேம்மா. மருந்துக்குன்னா விடுவாங்களா?"

"இதுவரைக்கும் எந்த மருந்தாவது, சாப்பாடாவது ஒத்துக்காம போயிருக்கா?" என்றும் கேட்டார். அது எல்லாரிடமும் கேட்பது.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மை.

ஃபாதர் ஞாயிற்றுக்கிழமை நற்கருணை கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். சவரி விஷயத்தைச் சொன்னான். அவர் யோசிக்கக்கூட இல்லை. "நேர்ந்தது வாயில வைக்கறதில்லன்னுதானே? இது வாயில போவல, ரத்தத்துலல்ல போவுது? அந்தோணியாரு சண்டைக்கு வந்தா என்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கறன்." தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கருப்புத் தாள் சுற்றிய பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். சிஸ்டர் ஊசி குத்தினார். காலி எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் சொட்டுவதுபோல் டாக்டர் சொட்டை மெதுவாக வைத்தார். மஞ்சள் பால் போல ஒன்று குழாயில் இறங்கி வந்தது.

ஜன்னல் வழியாக வெயில் விழுந்து கட்டில் கால் வரைக்கும் வந்திருந்தது. மதலேனம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். லாரிகள் இறங்க ஆரம்பித்தன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கண்ணுக்கே தெரியாத லாரிகள், எல்லாவற்றுக்கும் மஞ்சள் தார்ப்பாய். தோளில் திரும்பின. நெஞ்சில் ஒரு வளைவு எடுத்தன. ஒவ்வொன்றின் தார்ப்பாயிலும் சின்னதாய் ஒரு கூரையும் அதன் ஓட்டையில் வானமும் தெரிந்தன. டிரைவர்கள் அவளைப் பார்த்துக் கை காட்டினார்கள். "எங்கண்ணே எறக்கணும்?" என்று பின்வண்டிக்காரன் முன்வண்டிக்காரனைக் கேட்டான். "காலுக்குப்பா, காலுக்கு." சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. எவ்வளவு அழகாக இருந்தது! அரிக்கிறதே என்று நினைத்தாள். விரலிடுக்கில், பிறகு உள்ளங்கையில், காது மடலில். பச்சைமிளகாய் தொட்டோமா என்று யோசித்தாள். தொடவில்லையே. லாரிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றன. நெஞ்சு வளைவில் வழி அடைத்துக்கொண்டது.

"சிஸ்டர்" என்று கூப்பிட நினைத்தாள். நாக்கு தடித்து வாய் நிறைய இருந்தது.

தீர்த்தன்தான் கத்தினார். "ஏ, அந்தம்மா மூஞ்சி வீங்குது பாரு!"

சிஸ்டர் ஓடிவந்து குழாயை அடைத்தார். டாக்டர் தொடையில் ஒரு ஊசியை அழுத்தினார். ஆக்சிஜன் வந்தது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தது. சவரி கட்டிலின் கால்மாட்டில் அவளுடைய கெட்ட பாதத்தைக் கட்டோடு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. மூச்சு திரும்புவதற்குள் அவன் அந்தோணியாரிடம் என்னென்ன பேசினான் என்பதை யாருக்கும் சொன்னதில்லை.

மத்தியானம் அவள் எழுந்து கஞ்சி குடித்தாள். பாப்பாரப்பட்டியிலிருந்து அக்கா ஞானமேரி பையில் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து சேர்ந்தாள். நடந்ததைச் சவரி சொல்லச் சொல்ல அக்காவின் வாய் திறந்தபடியே நின்றது.

"முட்டையா? அவளுக்கு முட்டையவா ஏத்துனீங்க?"

"நேர்த்தின்னுதான் ஃபாதர்கிட்ட கேட்டோம் அக்கா. அவரு பரவாயில்லன்னு விட்டுட்டாரு. அந்தோணியாரு விடல" என்றான் சவரி.

"அட, போப்பா! அந்தோணியாரு எங்க வந்தாரு இதுல?" ஞானமேரி பையைக் கட்டிலில் போட்டாள். "நானு அப்ப ரெண்டாங்கிளாசு. இவளுக்குப் பல்லு மொளைக்கற வயசு. சித்தப்பன் வூட்டு நாட்டுக்கோழி முட்டைய அவிச்சு, மஞ்சக்கருவக் கரைச்சு அம்மா ஒரு வாயி ஊட்டுச்சு. அவ்ளோதான். மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆயி, மூச்சு இழுத்து, நீலம் பாரிச்சுப் போச்சு. அம்மா தூக்கிக்கிட்டுக் கோவிலுக்கு ஓடுச்சு. பீடத்துல கெடத்தி, 'இந்தப் புள்ளயக் குடுத்துடு, ஆயுசுக்கும் இவ முட்டைய வாயில வைக்க மாட்டா'ன்னு நேர்ந்துக்கிச்சு. பொழச்சா."

"இத ஏன் அக்கா நீ சொல்லல?" என்றாள் மதலேனம்மாள். நாக்கு இன்னும் தடிப்பாக இருந்ததால் பேச்சு குழந்தைப் பேச்சாக வந்தது.

"நீ கேட்டியா? நேர்ந்ததுன்னு ஊருக்கே தெரியும். நீதான் தின்னவே இல்லையே, அப்புறம் என்னத்துக்குச் சொல்றது?"

டாக்டர் முனிராஜ் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்த முறை ஸ்டூலை இழுத்துப் போடவில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

"நான் ஏன்னு கேட்டிருக்கணும். நேர்த்தின்னதும் பேசாம விட்டுட்டேன்" என்றார்.

"நீங்க கேட்டிருந்தா எனக்குத் தெரியவாங்க போவுது?" என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: கொழுப்போடு முட்டையின் சத்து துளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அதுதான் காரணம் என்றால் வழி உண்டு. சோயா என்று ஒரு பயறு, அதிலிருந்தும் அதே மாதிரிக் கொழுப்பு எடுக்கலாம், சிநேகிதர் செய்து தருவார். ஆனால் காரணம் முட்டை இல்லாமலும் இருக்கலாம். அந்தக் குமிழிகளையே உடம்பு எதிரி என்று நினைத்திருக்கலாம். அப்படியானால் சோயாவிலும் இதேதான் நடக்கும், ஒருவேளை இதைவிட மோசமாக. "எதுன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணும் வேணாம்னாலும் எனக்கு வருத்தமில்லம்மா. அறுவைச் சிகிச்சைக்கு நாள் இருக்கு."

அவர் போனதும் சவரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "வெட்டிடலாம். காலு போனா போவுது."

"அப்புறம் அடுப்புகிட்ட யாரு நிக்கறது?"

"நான் நிக்கறன்."

"ஒரு நாளு நிப்பீங்க."

"நாப்பது நாளும் நிக்கறன்டி! நீ உசுரோட இருந்து என்னத் திட்டிக்கிட்டுக் கெட." ஞானமேரி ஆரஞ்சை உரிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

மதலேனம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். காலையில் வந்த லாரிகள் நினைவுக்கு வந்தன. வழி அடைத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் எத்தனை போயின! சில போய்ச் சேர்ந்திருக்கும். கீழே எங்கேயோ அவளுடைய பாதத்தின் இருட்டில் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருக்கும். அவளுக்கு அந்த டிரைவர்கள்மேல் கோபம் வரவில்லை.

"ஏங்க. பிரேக் கொஞ்சம் வீக்குன்னு மொதல்லயே சொல்ற டிரைவரும் வராரு, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றவனும் வரான். கணவாயில எறங்க யாரோட ஏறுவீங்க?"

"ரெண்டு பேரு வண்டியிலயும் ஏற மாட்டன். நடந்தே எறங்குவன்."

"எனக்கு நடக்கத்தாங்க காலு வேணும்" என்றாள்.

சவரி எழுந்து டாக்டரைத் தேடிப் போனான்.

சோயா மருந்து வர ஆவணி ஆகிவிட்டது. அதற்குள் பாதத்தில் இன்னும் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. இந்தத் தடவை டாக்டர் முதலில் முன்கைத் தோலில் அந்த மருந்தை ஒரு பொட்டு வைத்துப் பார்த்தார். பிறகு ஊசியையும் ஆக்சிஜனையும் தயாராக வைத்துக்கொண்டு, ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் அவள் முகத்தையே பார்த்தார். ஞானமேரி ஜெபமாலை உருட்டினாள். சவரி அதே பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அரிக்குமா என்று அவள் விரலிடுக்கில் காத்திருந்தாள். வெயில் கட்டிலுக்கு ஏறி, போர்வையில் ஏறி, அவள் கைமேல் வந்தது. தோளில் திரும்பியாயிற்று. நெஞ்சு வளைவு. அங்கே ஒன்று தயங்கி நின்றதுபோல் இருந்தது. பிறகு அதுவும் போனது. கடைசி லாரியின் பின்விளக்கு சின்னதாக, இன்னும் சின்னதாக, அடுப்பில் அணையப்போகிற கங்கு போல மினுங்கிக்கொண்டு இறங்கியது.

"எங்கடி போயிட்ட?" என்றான் சவரி, பயந்து.

"இங்கதான் இருக்கறன்" என்றாள்.

கார்த்திகை வரைக்கும் மருந்து போனது. கிட்னி தாங்கியது. குதிகால் பக்கத்து ஓட்டைகள் ஒவ்வொன்றாக மூடின. விரல் பக்கம் மூடவில்லை. மணிகள் குறைந்தன, நிற்கவில்லை. கடைசியில் பெரிய டாக்டர் விரல்களையும் பாதத்தின் முன்பக்கத்தையும் மட்டும் எடுத்தார். குதிகால் நின்றது. அவளும் நிற்கலாம். மருந்தால் மிஞ்சியது எவ்வளவு, கத்தியால் மிஞ்சியது எவ்வளவு என்று டாக்டர் முனிராஜைக் கேட்டார்கள். அதுவும் தெரியாது என்றார். வருஷத்துக்கு ஒரு முறை ஈரலைச் சோதிக்க வரச் சொல்லியிருக்கிறார். அவள் தவறாமல் போய்வருகிறாள்.

தீர்த்தன் கட்டைக் காலோடு மலையிலிருந்து இறங்குகிறபோதெல்லாம் ஓட்டலுக்கு வருவார். "என் தார்ப்பாய்ல ஓட்ட இருந்திருக்கு தாயி" என்பார். அவருக்கு மட்டும் குழம்பில் எண்ணெய் அதிகமாக மிதக்கிற இடமாகப் பார்த்து மொண்டு ஊற்றுவாள்.

முன்பக்கம் துணி அடைத்த செருப்பு போட்டுக்கொண்டு அவள் அடுப்பில் நிற்கிறாள். முட்டையை மட்டும் இப்போது தொடுவதில்லை. அந்த வேலை சவரிக்கு வந்துவிட்டது. ஓட்டுத்துண்டு இல்லாமல் அவனுக்கு உடைக்கத் தெரியாது.

"என்ன முதலாளி, ஆம்லெட்டு நறநறங்குது?" என்று டிரைவர்கள் கேட்கிறார்கள். "முன்ன இப்பிடி இல்லியே. அம்மாவ ஊத்தச் சொல்லுங்க."

"அம்மா ஊத்த மாட்டா" என்பான் சவரி, தோசைக்கரண்டியை ஓங்கிக்கொண்டு. "அது அந்தோணியாருக்கு நேர்ந்தது. திங்கறதுன்னா தின்னு."